கடற்கரையில் நோயுற்ற கடல்நாய்: காட்டுயிருக்கு நோய் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

மெரிபேங்க் வாசகி கேட்டது:

வணக்கம். டர்பனிலிருந்து எழுதுகிறேன். சென்ற டிசம்பர் விடுமுறையில் கேப் டவுனில் என் தங்கை வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். ஒரு நாள் காலை ஃபால்ஸ் பே கரையில் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கடல்நாய் அலைகளை விட்டு வெகுதூரம் ஏறி வந்து மணலில் கிடப்பதைப் பார்த்தோம். கடல்நாய் கரையேறி வெயில் காய்வது அங்கே புதிதல்ல என்று தங்கை சொன்னாள். ஆனால் இது மனிதரைக் கண்டு விலகவில்லை; யாரோ கூட்டி வந்த நாயைப் பார்த்ததும் பாய்ந்து விரட்டியது; பிறகு கரையில் ஒதுங்கிக் கிடந்த கட்டையைக் கவ்விக்கொண்டு விடாமல் உதறியது. அந்தக் கரையில் கடல்நாய்களுக்கும் ரேபிஸ் எனப்படும் வெறிநோய் வந்திருப்பதாகச் செய்தியில் படித்திருந்ததால் எங்களுக்கு அச்சமாகிவிட்டது.

நகராட்சி எண்ணை அழைத்தேன். காட்டுயிர் தங்கள் வேலையல்ல என்று இயற்கைப் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றின் எண்ணைத் தந்தார்கள். அங்கே பேசியவர், நோய் என்று சந்தேகம் இருந்தால் அரசுக் கால்நடை மருத்துவரிடம்தான் சொல்ல வேண்டும் என்றார். கால்நடை மருத்துவர் அலுவலகத்திலோ விடுமுறைக்காகப் பதிந்து வைத்த குரல்தான் கேட்டது. இதற்கிடையில் கடற்கரைக் காவலராக நின்ற ஓர் இளைஞர், யாரும் சொல்லாமலே நான்கு குச்சிகளை நட்டுக் கயிறு கட்டி, குழந்தைகளை அப்பால் அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரத்துக்கும் மேல் கழித்து ஒரு வண்டி வந்தது. வந்தவர்கள் வேலை தெரிந்தவர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். வந்து சேர்வதற்கு ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்பதுதான் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை இவைதாம். காட்டு விலங்குக்கோ கடற்பறவைக்கோ நோய் வந்தால் நம் நாட்டில் சட்டப்படி யார் பொறுப்பு? அரசிடம் முன்கூட்டியே தயாரித்து வைத்த திட்டம் இருக்கிறதா, அல்லது செத்து விழுந்த பிறகு பொறுக்குவது மட்டும்தானா? இங்கே குவாசூலு-நாட்டாலில் இப்படி எதையாவது நான் பார்த்தால் முதலில் யாரை அழைக்க வேண்டும்? வாரக் கடைசியில் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகள் கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவும் கேட்கிறேன்.

டிப் டேங்க் தாத்தா எழுதியது:

அம்மா, நான் வட சூலுலாந்தில் கால்நடை நல உதவியாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிந்தால் அந்த மூன்று மணி நேரமும் வீணாகியிருக்காது.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். விலங்கு நோய்களுக்கான அடிப்படைச் சட்டம் 1984ஆம் ஆண்டின் 35ஆம் எண் சட்டம். கோமாரி, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), வெறிநோய், மாட்டுக் காசநோய், பறவைக் காய்ச்சல் முதலியவை அதன்கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட நோய்கள். இவற்றில் ஒன்று இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே அரசுக் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். விலங்கு காட்டுடையதா வீட்டுடையதா என்று நோயின் பட்டியல் வேறுபாடு பார்ப்பதில்லை. ஆனால் தெரிவிக்கும் கடமையைச் சட்டம் முதலில் யார் தோளில் வைக்கிறது என்று பாருங்கள்: விலங்கின் உரிமையாளர், அல்லது விலங்கு நிற்கும் நிலத்தின் உரிமையாளர், அல்லது அதை நிர்வகிப்பவர். மாட்டுக்கு உரிமையாளர் உண்டு. வேலிக்குள் வளர்க்கும் மானுக்கும் உண்டு. கடலிலிருந்து ஏறி வந்த கடல்நாய்க்கு யார்?

இதற்கு மேல் அரசமைப்பின் நான்காம் அட்டவணை இருக்கிறது. விலங்கு நோய்க் கட்டுப்பாடு அதில் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் பொதுவான அதிகாரம். இயற்கைப் பாதுகாப்பும் பொதுவானதே, ஆனால் தேசியப் பூங்காக்களும் கடல்வளமும் அதிலிருந்து விலக்கப்பட்டு மத்திய அரசின் கையில் இருக்கின்றன. ஆகவே நீங்கள் பார்த்த அந்த ஒரே உடலில், நோய் மாகாணக் கால்நடைத் துறைக்கும், கடல்நாய் மத்தியச் சுற்றுச்சூழல் துறைக்கும், அது கிடந்த மணல் நகராட்சியின் அன்றாட நிர்வாகத்துக்கும், அது கடித்த மனிதர் சுகாதாரத் துறைக்கும் உரியவராகிறார்கள். உங்களிடம் பேசிய மூவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேதனை.

தயார்நிலை பற்றிக் கேட்டீர்கள். கால்நடைக்கு எப்படி என்று முதலில் சொல்கிறேன். எங்கள் பகுதியில் உண்ணிக்கு மருந்து முக்கும் நாளில் ஊர் மாடுகள் முழுவதும் டிப் டேங்க் என்னும் மருந்துத் தொட்டிக்கு வரும். நான் அங்கே நின்று எண்ணுவேன், நொண்டும் மாட்டைத் தனியே நிறுத்துவேன், எச்சில் ஒழுகினால் வாயைத் திறந்து நாக்கில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பேன். கோமாரியைக் கண்டுபிடிக்க இந்த நாட்டில் இதைவிடப் பெரிய ஏற்பாடு எதுவுமில்லை என்பது என் கருத்து. காட்டுயிருக்கு டிப் டேங்க் கிடையாது. யாராவது பிணத்தைப் பார்த்தால்தான் உண்டு. அதையும் கழுகுக்கும் கழுதைப்புலிக்கும் முன்னால் பார்க்க வேண்டும். க்ரூகர் பூங்காவில் பல ஆண்டுகளாக ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது: வனக்காவலர் செத்த விலங்கைக் கண்டால் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தத்தைத் தேய்த்து ஸ்குகூசாவில் உள்ள அரசுக் கால்நடை மருத்துவரிடம் அனுப்புவார். அடைப்பான் நோயின் கிருமியை நுண்ணோக்கியில் அதிலேயே பார்த்துவிடலாம். செலவு மிகக் குறைவு. பயனோ மிகப் பெரிது. எல்லாக் காப்பகங்களிலும் இது ஒரே ஒழுங்குடன் நடக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது.

அரசால் முடியும்போது எவ்வளவு முடியும் என்பதற்கும் நானே சாட்சி. ஹ்லூஹ்லூவே-இம்ஃபொலோசி காப்பகத்தின் காட்டெருமைகளில் மாட்டுக் காசநோய் 1986இல் தெரியவந்தது. 1999 முதல் மந்தை மந்தையாகப் பிடித்துச் சோதிக்கும் வேலை தொடங்கியது. ஹெலிகாப்டர் மந்தையைத் திரைத்துணி கட்டிய வாய்க்குள் ஓட்டி வரும். போமா என்னும் அடைப்புக்குள் அவை நுழைந்ததும் பின்னால் திரையை இழுத்துவிடுவோம். ஒவ்வொன்றின் கழுத்திலும் டியூபர்குலின் ஊசி போட்டு, தோலின் தடிமனை அளந்து குறித்துக்கொண்டு, மூன்று நாள் தீவனமும் தண்ணீரும் கொடுத்துக் காத்திருப்போம். எழுபத்திரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அளப்போம். வீங்கியிருந்தால் அந்த விலங்கு திரும்பிப் போகாது. மற்றவற்றுக்கு அடையாளம் இட்டு விடுவித்துவிடுவோம். ஆயிரக்கணக்கான காட்டெருமைகளை அப்படிச் சோதித்தார்கள். விடாமல் திரும்பத் திரும்பப் பிடித்த இடங்களில் நோய் பெருகாமல் கட்டுக்குள் நின்றது. க்ரூகரில் இதே நோய் 1990இல் தெற்கு ஓரத்தில் கண்டறியப்பட்டு, அந்தப் பரப்புக்கு இப்படிப்பட்ட முறை நடக்காத காரியம் என்பதால், பதினைந்து ஆண்டுகளுக்குள் வடக்கு எல்லை வரை போய்ச் சேர்ந்தது. நோயுற்ற எருமையைத் தின்று சிங்கங்களுக்கும் அது தொற்றியது. இரண்டு இடங்களுக்கும் தொடக்கத்தில் இந்த நோயைக் கொடுத்தவை வெளியில் இருந்த வளர்ப்பு மாடுகள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணிப்பு இதுதான்: ஏற்றுமதியோ மாட்டுச் சந்தையோ ஆபத்தில் இருக்கும்போது இந்த இயந்திரம் ஓடும். அவை ஆபத்தில் இல்லாதபோது, யாராவது அதைத் தள்ள வேண்டியிருக்கும்.

கேப் கடற்காகம் எழுதியது:

அக்கா, நீங்கள் நடந்த கரையில்தான் நான் ஒவ்வொரு வாரமும் கடற்பறவைத் தொண்டராகச் செல்கிறேன். ஐயா சொன்னதுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். கடல் பக்கத்தில் நடந்தவற்றைச் சேர்க்க வேண்டும்.

முதலில் கடல்நாய். தமிழில் இதற்கு 'நாய்' என்று பெயர் வைத்தவர்கள் வெறிநோய் இதையும் பிடிக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். 2024ஆம் ஆண்டு நடுவில் கேப் கடல்நாய்களில் வெறிநோய் ஆய்வுக்கூடத்தில் உறுதியாயிற்று. அதற்கு முன் உலகில் கடல்வாழ் பாலூட்டி ஒன்றில் வெறிநோய் பதிவானது 1980இல் நார்வேயின் ஸ்வால்பார்டில், ஒரே ஒரு வளையக் கடல்நாயில் மட்டுமே. இங்கே அப்படியில்லை, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அது தொற்றிக்கொண்டிருந்தது. ஆய்வாளர்கள் வேறு நோக்கத்துக்காக முன்பே சேர்த்து உறையவைத்திருந்த கடல்நாய் மூளை மாதிரிகளைப் பின்னோக்கிச் சோதித்தபோது, 2022 ஆகஸ்டிலேயே ஒன்றில் கிருமி இருந்தது தெரிந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அது நம் கரைகளில் இருந்திருக்கிறது, நாம் 'இந்த ஆண்டு கடல்நாய்கள் ஏனோ முரட்டுத்தனமாக இருக்கின்றன' என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த உறைபெட்டி இல்லாவிட்டால் இதுகூடத் தெரிந்திருக்காது. தயார்நிலை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், மின்சாரம் போனாலும் உருகாத ஓர் உறைபெட்டியும் அதில் ஒட்டிய சரியான சீட்டுகளும் என்பேன். சுமைக்குறைப்பு மின்வெட்டைப் பார்த்த இந்த நாட்டில் அது சின்ன விஷயம் அல்ல.

அடுத்து பறவைக் காய்ச்சல். 2021இல் எச்5என்1 மேற்குக் கேப் கடற்பறவைகளுக்குள் புகுந்தபோது இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கேப் நீர்க்காகங்கள் செத்தன. அதில் டையர் தீவு மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. காட்டுப் பறவைக்கு மருந்து கொடுக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்றே: நோயுற்றவற்றையும் செத்தவற்றையும் விரைவாக அகற்றினால் கிருமியின் சுமை குறையும், கடற்காகங்கள் பிணத்தைக் கொத்தி அடுத்த தீவுக்குக் கொண்டுபோவதும் குறையும். ஆனால் கூடுகட்டியிருக்கும் நீர்க்காகங்களின் நடுவே மனிதர் நடந்தால் தாய்ப்பறவைகள் எழும்பிவிடும். அந்த நிமிடத்துக்காகவே காத்திருக்கும் கடற்காகங்கள் முட்டையையும் குஞ்சையும் தூக்கிக்கொண்டு போய்விடும். எத்தனை பிணங்களுக்கு எத்தனை குஞ்சுகளை விலையாகக் கொடுப்பது என்ற கணக்கை, முழுப் பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக்கொண்டு, அன்றன்று காலையில் தீவில் நிற்கும் வனக்காவலர்கள் போட வேண்டியிருந்தது. இந்தக் கணக்கை எந்தத் திட்ட ஆவணமும் அவர்களுக்காகப் போட்டுக் கொடுக்காது.

2022 ஆகஸ்டில் சைமன்ஸ் டவுன் அருகே பௌல்டர்ஸ் கரையின் பென்குயின்களில் அதே நோய் தென்பட்டது. 2024இல் மறுபடியும் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் ஆப்பிரிக்கப் பென்குயின் மிக அருகிய இனம் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டது. இணைசேரும் ஜோடிகள் பத்தாயிரத்துக்கும் குறைவு. இந்த எண்ணிக்கையில் இருக்கும் ஒரு பறவைக்கு ஐம்பது இறப்பு என்பது கோழிப்பண்ணையின் ஐம்பது அல்ல. பௌல்டர்ஸில் பெருஞ்சாவு நேராமல் போனதற்கு, தினமும் பறவைகளைக் கண்ணால் பார்க்கும் சான்பார்க்ஸ் என்ற தேசியப் பூங்கா அமைப்பின் காவலர்களும், சந்தேகப் பறவையைத் தனியே வைத்துக் கையாளத் தெரிந்த சான்காப் கடற்பறவை மறுவாழ்வு மையமும், ஒரே குழுவாக அமர்ந்து பேசிய மாகாணக் கால்நடை மருத்துவர்களும் உதவினார்கள் என்றே எண்ணுகிறேன். பென்குயின் இருப்பது சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கும் இடம் என்பதையும் மறைக்க வேண்டாம். யாரும் போகாத பாறையில் சாகும் நீர்க்காகத்துக்கு இந்த வேகம் கிடைப்பதில்லை.

போக முடியாத இடத்துக்கு இன்னொரு எடுத்துக்காட்டு மரியன் தீவு. நம் நாட்டுக்குச் சொந்தமானது, ஆனால் கேப் டவுனிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர். 2024 செப்டம்பரில் அங்கே ஒரு ஸ்குவா பறவையில் முதல் சந்தேகம் எழுந்தது. பிறகு அலைந்து திரியும் ஆல்பட்ராஸ் குஞ்சுகளும், யானைக் கடல்நாய்களும், ராஜ பென்குயின்களும் பாதிக்கப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டது. குளிர்காலம் கழிக்கத் தங்கியிருந்த சில ஆய்வாளர்களே அங்கிருந்த அரசு. பயிற்சியும் பாதுகாப்பு உடையும் முன்கூட்டியே கொடுத்து அனுப்பியிருந்ததால் அவர்களால் எண்ணிப் பதிவு செய்ய முடிந்தது. ஆனால் கிருமியை உறுதிசெய்யும் ஆய்வுக்கூடம் தீவில் இல்லை. கப்பலோ வழக்கமாக ஆண்டுக்கு ஒரு முறை போவது. முந்தைய ஆண்டு, 2023இல், அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் இதே கிருமியால் யானைக் கடல்நாய்க் குட்டிகள் பதினேழாயிரத்துக்கும் மேல் செத்ததைக் கேட்டுவிட்டு அந்தத் தீவில் உட்கார்ந்திருப்பவர்களின் மனநிலையை நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு சட்ட எச்சரிக்கை: கடற்பறவைகளையும் கடல்நாய்களையும் அனுமதியின்றித் தொடுவதும் பிடிப்பதும் 1973ஆம் ஆண்டின் கடற்பறவை, கடல்நாய்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த இளைஞர் கயிறு கட்டியதுடன் நிறுத்திக்கொண்டது எல்லா வகையிலும் சரி.

ஸ்டேஞ்சர் கரும்புக்காரர் எழுதியது:

மதிப்புக்குரியவர்களே, நீங்கள் பென்குயினுக்காக எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கால்நடை என்றால் அரசு இயந்திரம் ஓடும் என்று டிப் டேங்க் ஐயா எழுதியதை எங்கள் பக்கத்து மாட்டுக்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள். கரும்போடு நாற்பது மாடுகளும் வைத்திருக்கிறேன். 2021 மே மாதம் நம் மாகாணத்தில் கோமாரி வந்ததிலிருந்து எந்த மாட்டை எங்கே ஓட்டலாம், எதை விற்கலாம் என்பதே பெருங்கேள்வியாகிவிட்டது. விற்க முடியாத மாட்டுக்குத் தீவனம் போட்டவனுக்கு எந்த இழப்பீடும் வரவில்லை. தடுப்பூசிக்கும் காத்திருந்தோம். இந்த நாட்டில் கோமாரித் தடுப்பூசியை முன்பு ஒண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை ஆய்வு நிலையத்திலேயே தயாரித்தார்கள். பிறகு வெளியிலிருந்து வாங்கும் நிலைக்கு வந்தோம். அடைப்பானுக்கு மாக்ஸ் ஸ்டெர்ன் 1930களில் அதே ஒண்டர்ஸ்டெபோர்ட்டில் உருவாக்கிய தடுப்பூசியை உலகம் முழுவதும் இன்றும் போடுகிறார்கள். அப்படி இருந்த இடத்தைப் பாழாக்கியது எந்த விலங்கும் அல்ல.

எல்லாவற்றுக்கும் காட்டெருமையைக் காரணம் காட்டும் பழக்கமும் எனக்குப் பிடிக்கவில்லை. க்ரூகரின் காட்டெருமைகள் கோமாரிக் கிருமியின், சாட் எனப்படும் தெற்கு ஆப்பிரிக்க வகைகள் மூன்றையும் நோயின்றிச் சுமக்கின்றன, அதனால்தான் மேற்கு ஓரத்தில் வேலி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 2000 பிப்ரவரி வெள்ளத்தில் அந்த வேலி அடித்துச் செல்லப்பட்டதும் வெளியே நோய் வந்ததும் உண்மை. அதே 2000 செப்டம்பரில் நம் கேம்பர்டவுனில் பன்றிகளுக்குக் கோமாரி வந்ததே, அது எங்கிருந்து வந்தது? ஆசியாவிலிருந்து வந்த ஓ வகை. டர்பன் துறைமுகத்தில் நின்ற கப்பலின் சமையல் கழிவைப் பன்றிக்குப் போட்டதால் வந்தது என்றே விசாரணை சுட்டியது. அங்கே எந்தக் காட்டெருமையும் இல்லை. 2021க்குப் பிறகு நோய் விரிந்ததும் சந்தையிலும் லாரியிலும் மாடுகள் இடம் மாறியதால்தான். வேலியைக் காக்க ஆள் போடுகிறார்கள். மாடு ஏற்றிய லாரியை இரவில் நிறுத்திச் சீட்டைக் கேட்க ஆள் இல்லை.

என் கொள்ளுப்பாட்டனார் ஒப்பந்தக் கூலியாக வந்து, காலம் முடிந்து, இரண்டு மாடு வாங்கியிருந்தாராம். 1897இல் வெக்கை (ரிண்டர்பெஸ்ட்) என்னும் மாட்டுக் கொள்ளைநோய் நாட்டாலுக்கு வந்தபோது இரண்டும் ஒரே வாரத்தில் போயின என்று வீட்டில் சொல்வார்கள். வண்டி இழுக்க மாடு இல்லாமல் சாமான் தலைச்சுமையாகப் போனதாம். 1896இல் லிம்போபோவைத் தாண்டி வந்த அந்த நோய் தென்னாப்பிரிக்காவில் இருபத்தைந்து லட்சம் மாடுகளைக் கொன்றதாகச் சொல்கிறார்கள். காட்டெருமையும் குடு என்னும் பெரிய மானும் அதைவிட மோசமாக அழிந்தன. அன்று மாட்டுக்கும் காட்டுக்கும் சாவு ஒன்றாகத்தான் வந்தது. நீங்கள் இருவரும் இதை மாடா காடா என்ற வழக்காக ஆக்குகிறீர்கள்.

டிப் டேங்க் தாத்தா எழுதியது:

கரும்புக்காரரின் அடி சரியான இடத்தில் விழுந்தது, வாங்கிக்கொள்கிறேன். இயந்திரம் ஓடும் என்று நான் எழுதியதை, ஓட வேண்டும் என்ற கட்டாயமாவது அரசுக்கு ஏற்படும் என்று திருத்திக்கொள்கிறேன். நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் இருந்த உதவியாளர்களின் எண்ணிக்கைக்கும் நான் விடைபெற்றபோது இருந்ததற்கும் ஒப்பீடே இல்லை. ஓய்வு பெறுபவரின் இடத்தை நிரப்பாமல் விட்டால் மிச்சமாகும் சம்பளம் வரவுசெலவுக் கணக்கில் உடனே தெரியும், பார்க்காமல் விட்ட கொப்புளம் எதிலும் தெரியாது.

ஆனால் மாடா காடா என்ற வழக்கை நான் தொடங்கவில்லை, ஐயா. வட சூலுலாந்தின் உபோம்போவில் டேவிட் ப்ரூஸ் என்ற இராணுவ மருத்துவர் 1890களில் மாட்டைக் கொல்லும் நகானா நோயின் கிருமியைக் கண்டுபிடித்து, காட்டு விலங்குகளின் இரத்தத்தில் அது தங்குகிறது என்றும் ட்செட்சி ஈ அதை மாட்டுக்குக் கொண்டுவருகிறது என்றும் சொன்ன நாளிலிருந்து அந்த வழக்கு நடக்கிறது. 1929, 1930 ஆண்டுகளில் மாட்டைக் காப்பதற்காக இம்ஃபொலோசிப் பகுதியில் இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட காட்டு விலங்குகளை அரசே சுட்டுத் தள்ளியது. ஈ போகவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானத்திலிருந்து டிடிடி தெளித்தபோதுதான் நகானாவைப் பரப்பிய முக்கிய ஈ வகை ஒழிந்தது. 1990இல் எஞ்சியிருந்த வேறு ஈ வகைகளால் வட சூலுலாந்தில் நோய் மறுபடியும் வந்தது, அதை நானே டிப் டேங்கில் பார்த்தேன். காட்டு விலங்கைக் குற்றவாளியாகவே பார்த்துப் பழகிய துறை, அதை நோயாளியாகப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு நாள் பிடிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு முடிச்சும் உண்டு. காட்டுயிரில் நோய் கண்டதை வெளியே சொன்னால் ஏற்றுமதி நின்றுவிடும் என்ற அச்சம் அதிகாரிகளிடம் இருக்கிறது. பறவைக் காய்ச்சலைப் பொறுத்தவரை உலக விலங்கு நல அமைப்பின் விதி தெளிவாகவே இருக்கிறது: காட்டுப் பறவையில் கண்டதற்காகக் கோழி வணிகத்தைத் தடை செய்யக் கூடாது. கோமாரியில் அப்படி எளிதல்ல; காட்டெருமையில் கண்டாலும் எல்லைக்கோடுகளை மாற்றி வரைய வேண்டியிருக்கும். எந்த நோயை விரைவாக அறிவிக்கிறார்கள், எதைத் தயங்கி அறிவிக்கிறார்கள் என்பதன் ஒரு பகுதி இதில் அடங்கியிருக்கிறது.

கேப் கடற்காகம் எழுதியது:

காட்டுயிரை நோயாளியாகப் பார்ப்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2023இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியாக் காண்டோர் கழுகுகள் இருபத்தொன்று பறவைக் காய்ச்சலில் செத்தபோது, அதே ஆண்டு மே மாதமே அவற்றுக்குத் தடுப்பூசி போட்டுப் பார்க்க அரசு அவசர அனுமதி கொடுத்தது. நம் க்ரூகரிலும் 1970களில் தொடங்கி, அருகிவந்த ரோன் மான்களுக்கு ஹெலிகாப்டரிலிருந்து அடைப்பான் தடுப்பூசி எய்தார்கள். கரும்புக்காரர் குறிப்பிட்ட ஸ்டெர்னின் தடுப்பூசிதான் அது. சில நூறு விலங்குகளே எஞ்சியிருக்கும்போது ஒவ்வொன்றாகக் காப்பது நடக்கக்கூடிய காரியம். நோய் வந்த பிறகு அனுமதிக்காகக் கோப்பு நகர்த்தாமல், எந்த இனத்துக்கு எந்த ஊசி, யார் கையெழுத்து என்பதை அமைதியான காலத்திலேயே முடித்து வைக்க வேண்டும் என்பதே எங்களைப் போன்றவர்களின் கோரிக்கை.

மெரிபேங்க் வாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. பாதிக்கு மேல் எனக்குப் புதிய செய்தி. ஒரு நடைமுறைச் சந்தேகம் மட்டும் தீரவில்லை. எங்கள் தெருவில் வெர்வெட் குரங்குகள் தினமும் வருகின்றன. சென்ற மாதம் ஒன்று மதிற்சுவரிலிருந்து தள்ளாடி விழுந்து செத்தது. பக்கத்து வீட்டுக்காரர் வெறிநோய் என்று பயந்து அதைக் கையுறை போட்டு எடுத்துக் குப்பைப் பையில் கட்டி வைத்துவிட்டார். சரியா தவறா?

டிப் டேங்க் தாத்தா எழுதியது:

அம்மா, பயந்ததும் கையுறை போட்டதும் சரி, குப்பைப் பைதான் தவறு. குரங்கில் வெறிநோய் மிக அரிது. நம் மாகாணத்தில் அது பெரும்பாலும் நாயின் வழியாகப் பரவும் நோய். நகரத்துக் குரங்கு நஞ்சாலோ மின்கம்பியாலோ காற்றுத் துப்பாக்கியாலோ சாவதுதான் அதிகம். ஆனாலும் தள்ளாடியதை நீங்களே பார்த்திருப்பதால் அது சோதிக்க வேண்டிய உடல். வெறிநோயை மூளைத் திசுவில்தான் பார்க்க முடியும், அது அழுகிவிட்டால் பயனில்லை. அடுத்த முறை உடலைத் தொடாமல் ஒரு பெரிய வாளியைக் கவிழ்த்து மேலே கல்லை வையுங்கள், நாயையும் பிள்ளைகளையும் வீட்டுக்குள் அனுப்புங்கள், உங்கள் பகுதி அரசுக் கால்நடை மருத்துவர் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். அவர்கள் எடுக்கும் மாதிரி பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள ஆலர்ட்டன் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அலுவலகம் பூட்டியிருந்தால் எசெம்வேலோ என்ற நம் மாகாண இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைக் கூப்பிட்டு, கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லும்படி கேட்டு, பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டால் வேலை நடக்கும் என்பது அலுவலகத்துக்கு உள்ளே இருந்தவனின் அனுபவம். செத்துக் கிடக்கும் கடற்பறவைகளைப் பார்த்தால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். ஒன்றா பத்தா என்பதை வைத்துத்தான் வண்டி அன்றே கிளம்புமா மறுநாள் கிளம்புமா என்று முடிவு செய்வார்கள்.

யாரையாவது கடித்தோ கீறியோ இருந்தால் அலுவலகங்களுக்குக் காத்திருக்க வேண்டாம். காயத்தைக் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியும், காயத்தில் போடும் எதிர்ப்புரத ஊசியும் கேளுங்கள். அறிகுறி வந்த பிறகு இந்த நோய்க்கு வைத்தியம் இல்லை. உங்கள் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய் ஊசி போடுவது இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம்; பக்கத்து வீட்டுக்காரரிடம் அவருடைய நாயின் அட்டையை ஒரு முறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டேஞ்சர் கரும்புக்காரர் எழுதியது:

எங்கள் பகுதி அலுவலகத்தின் எண் இந்த ஆண்டு இரண்டு முறை மாறிவிட்டது, ஐயா. பழைய எண்ணில் இப்போது யாரோ ஒரு வீட்டம்மா எடுக்கிறார். பாவம், மாடு நொண்டுகிறது என்று சொன்னால் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார். வாசகி அம்மா, உங்களிடம் இருக்கும் எண்ணை இன்றே ஒரு முறை அழைத்து, மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.